ஐஸ் தொட்டி இருந்த இடம்

ரொறன்ரோவில் இருபத்தொன்பது வருடமாகக் கார் ஓடுகிறேன். ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கியதில்லை. நெடுஞ்சாலையில் எல்லோரும் பறக்கிற நேரத்திலும் நான் வலது பக்கத்தோடு, பலகையில் போட்ட வேகத்தில்தான் போவேன். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பிள்ளை, விதியை மீறுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கோகுலன் விஷயத்திலும் நான் ஒரு விதியையும் மீறவில்லை. உங்களுக்கு அதுதான் கரைச்சலாக இருக்கப்போகிறது.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நல்லது. பொலிஸ் நிலையத்தில் உங்கள் பெயர் துர்க்கா என்று கேட்டதும் கொஞ்சம் ஆறுதல். இவ்வளவு காலமும் ஆங்கிலத்தில் கணக்குச் சொன்ன வாய்தான். ஆனால் இதை ஆங்கிலத்தில் சொன்னால் ஆண்டறிக்கை வாசிப்பதுபோல இருக்கும்.

பெயர் அருள்நாயகம். வயது ஐம்பத்தொன்பது. பிறந்தது கொக்குவில், இருப்பது மோர்னிங்சைட். ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவில் வரவுசெலவுத் திட்டம் தயாரிப்பது தொழில். பல்கலைக்கழகத்தின் பெயர் உங்கள் ஃபைலில் இருக்கிறது. என் வாயால் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

நீங்கள் ஃபுட்போல் பார்ப்பீர்களோ தெரியாது. நாங்கள் ஊரில் உதைத்த பந்து இல்லை இது. தலைக்கவசம் போட்டு, தோளில் காப்புக் கட்டி, முட்டை மாதிரியான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் நாம்பன் மாடு மாதிரி வந்து முட்டுகிற விளையாட்டு. அமெரிக்காவில் இதை வைத்துப் பல்கலைக்கழகங்கள் கொழிக்கின்றன. கனடாவில் பெரும்பாலும் கைக்காசு போகிற விளையாட்டுத்தான். எங்களுடையது விதிவிலக்கு. எங்கள் பழைய மாணவர்களில் கட்டட முதலாளிகளும் வங்கிக்காரர்களும் அதிகம். தாங்கள் இருபது வயதில் விளையாடியதை அறுபதிலும் மறக்க முடியாதவர்கள். இலையுதிர் காலத்தில் அவர்களுக்கென்று ஒரு ஆட்டம் நடக்கும். அன்று ஒரு கதிரையும் மிஞ்சாது. நுழைவுச்சீட்டு, விளம்பரம், தொலைக்காட்சி, பியர், நன்கொடை எல்லாம் ஃபுட்போல் கணக்கில் வந்து விழும்.

விழுந்த காசு எங்கே போக வேண்டும் என்று எழுதுகிறவன் நான். தலைமைக் கோச்சுக்கு ஒரு பெரிய பங்கு. அவருக்கு முன்னர் துரத்தப்பட்ட கோச்சுக்கும் ஒரு பங்கு. ஒப்பந்தம் முடியும்வரை வீட்டில் இருந்தபடியே வாங்குவார். சும்மா இருப்பதற்கு அவ்வளவு சம்பளம் தருகிற உத்தியோகம் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு மைதானத்தில் ஒரு வீட்டளவு வெளிச்சத் திரை, ஆட்டத்துக்கு ஒரு நிறத்தில் தலைக்கவசம், உடைமாற்றும் அறைக்குள் முடிவெட்டுகிற கதிரை. விளையாடுகிற பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தில் ஏதோ கொஞ்சம் கழிப்பார்கள், முதுகிலும் தட்டுவார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி இருக்கிறது. அந்த நெய்யை உருக்கிக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

என் மகன் ராகுலனும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். ஒரே பிள்ளை. அப்போது நான் பல்கலைக்கழகத்தின் பொது நிதிப் பிரிவில் இருந்தேன். ஏழு வருடத்துக்கு முன், ஓகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில், அனல் பறக்கிற ஒரு மத்தியானத்தில் அவன் மைதானத்தில் விழுந்தான். வெயில் மண்டைக்குள் ஏறிவிட்டது. அப்படி உடம்பு கொதித்து விழுகிற பிள்ளையை அம்புலன்ஸ் வரும்வரை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும். அமிழ்த்தினால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். அதைச் செய்யத் தெரிந்த, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற தெரபிஸ்ட் ஒருத்தி இருந்தாள். அன்று அவளை விளையாட்டுப் பிரிவின் இயக்குநர் பழைய மாணவர்களின் கோல்ஃப் நாளுக்கு அனுப்பியிருந்தார், நன்கொடைக்காரர்களின் முழங்காலுக்குக் கட்டுப்போட. மைதானத்து ஐஸும் அவளோடு போயிருந்தது, பியரைக் குளிரவைக்க. என் பிள்ளையை ஒரு மரத்துக்குக் கீழே கிடத்தி சேர்ட்டால் விசிறியிருக்கிறார்கள்.

இயக்குநரின் பெயர் வாரன் கிளெக். செத்தவீட்டுக்கு வந்தார். வருவதற்கு முன் ஆள்விட்டு, வேட்டி கட்ட வேண்டுமா என்று கேட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நான் நேரில் பார்த்தது அன்றுதான். என் மனைவி நிரூபா அவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். அவளுக்குக் கோல்ஃப் விஷயம் அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. மைதானத்தின் விளிம்பில் ஓர் அறை கட்டி, அதற்குள் பெரிய ஐஸ் தொட்டி வைத்தார்கள். இரண்டாவது தெரபிஸ்டை எடுத்தார்கள். பயிற்சி நடக்கிற நேரமெல்லாம் ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும் என்று ஒழுங்கு போட்டார்கள். என் பிள்ளை செத்து மற்றப் பிள்ளைகளுக்குத் தொட்டி கிடைத்தது. எல்லோரும் அதை எனக்கு ஓர் ஆறுதலாகச் சொன்னார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றி எரிந்தது.

அடுத்த வருடம் விளையாட்டுப் பிரிவில் என் தொழிலுக்கு ஓர் இடம் காலியானது. விண்ணப்பித்தேன். வாரன் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று பல இடங்களில் பேசினார், ஒரு தடவை மேடையிலும். அவருடைய மேசையில் அவரின் மகன் தியோவின் படம் இருந்தது. பதினைந்து வயது, பல்லில் கம்பி, தலையில் அளவில்லாத பெரிய தலைக்கவசம். அப்பாவின் அணிக்கு விளையாட வேண்டும் என்பதுதான் அவனின் ஒரே ஆசை என்று வாரன் சொன்னார். நல்ல ஆசை என்று நானும் சொன்னேன்.

நான் துப்பாக்கி வாங்கவில்லை, நஞ்சு தேடவில்லை. அப்படியான ஆள் இல்லை. ஆனால் ஒன்றை எனக்கு விளங்கப்படுத்த ஆள் தேவைப்படவில்லை. ராகுலனை ஒருவரும் கொல்லவில்லை. கோல்ஃப் நாள் முக்கியம், பயிற்சி அவ்வளவு முக்கியமில்லை என்று யாரோ ஒரு கூட்டத்தில் தீர்மானித்தார்கள், யாரோ தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒருவரும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவில்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பட்ஜெட் நிதியாண்டு முடிவில் கொல்லும். இப்போது பட்ஜெட் எழுதுகிறவன் நான். தியோ வளர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பொறுத்தார் பூமி ஆள்வார்.

காசு இல்லை என்று சொல்லி நான் எதையும் வெட்டவில்லை. அப்படி வெட்டினால் ஆட்கள் கத்துவார்கள். காசு கூடிய வருடங்களில் வெட்டினேன். இது உங்களுக்கு நூதனமாக இருக்கும், ஆனால் பெரிய இடங்களில் அப்படித்தான். வருமானம் ஏறினால் ஆசையும் ஏறும். ஒரு வருடம் வெளிச்சத் திரைக்குக் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது தெரபிஸ்டை முழுநேரத்திலிருந்து ஆட்டநாட்களுக்கு மட்டும் மாற்றினால் திரையை ஓரடி பெரிதாக எடுக்கலாம் என்று காட்டினேன். வாரன் திரையை நினைத்துக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு வருடம் கோச்சின் ஒப்பந்தம். வேறு பல்கலைக்கழகம் அவரைக் கேட்கிறது என்று வதந்தி. சம்பளத்தைக் கூட்டினோம். மிஞ்சிய ஒரு தெரபிஸ்ட் இரண்டு இடத்துக்குப் பொறுப்பு என்று ஆனது. பயிற்சியில் ஒருத்தர் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு, அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்று மாறியது. ஒரு சொல்லும் பொய் இல்லை. வாரன் ஒவ்வொரு தடவையும் என் தோளில் தட்டி, நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்பார்.

கடைசியாகத் தொட்டி. நன்கொடைக்காரர்களுக்கு மைதானத்தைப் பார்த்தபடி இருந்து குடிக்க ஓர் இடம் வேண்டும் என்று வாரனுக்கு நெடுநாள் ஆசை. மைதானத்தின் விளிம்பில் அதற்கு வாய்ப்பான இடம் ஒன்றுதான். தொட்டி இருந்த அறை. இதை நான் சொல்லக்கூட இல்லை. வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அவரே அந்த அறையில் விரலை வைத்திருந்தார். அறையை இடித்து மேலே கண்ணாடி மண்டபம் கட்டினார்கள். உள்ளே சுவரில் தண்ணீர் வழிகிற மாதிரி ஒரு செயற்கை அருவி, நாள்முழுக்க ஓடும். ஐஸ் தொட்டியைக் கவிழ்த்து நிலக்கீழ் அறையில் மடக்குக் கதிரைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். ஓர் அவசரத்துக்கு அதை எடுக்க நாலு பேரும் ஒரு சாவியும் வேண்டும். சாவி என்னிடம் இருந்தது.

தியோ இதற்கிடையில் வளர்ந்து, அணியில் சேர்ந்து, முகாம்களில் ஓடிக்கொண்டிருந்தான். நல்ல உடம்பு. வெயில் காலங்களில் நான் அவனைக் கவனிப்பேன்.

இனிக் கோகுலன். தாய் தங்கேஸ்வரி, மட்டக்களப்பு அமிர்தகழிப் பக்கத்து ஆள். தகப்பன் கந்தப்போடி லொறி ஓட்டியவர். கோகுலன் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தார்கள். நிரூபா கோவிலில் தங்கேஸ்வரியைச் சந்தித்து, பெடியன் என் பல்கலைக்கழகத்தில் ஃபுட்போல் விளையாடுகிறான் என்று அறிந்து, அடுத்த சனிக்கிழமையே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக் குசினியில்தான். நான் வேலைக்குப் போகிற வழியில் அவனையும் ஏற்றிக்கொண்டு போவேன். அதையும் நிரூபாதான் ஒழுங்குபண்ணினாள்.

தங்கமான பொடியன். இங்கே பிறந்ததுகள் பலது தமிழைக் கடித்துத் துப்பும். இவன் பிழைபிழையாக என்றாலும் விடாமல் பேசுவான். பிட்டை மலைபோலக் குவித்து, அதற்குமேல் மாம்பழத்தைப் பிழிந்து சாப்பிடுவான். நிரூபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, உவன் சாப்பிடுறதைப் பார்க்க எனக்கு வயிறு நிறையுதப்பா. கனகாலத்துக்குப் பிறகு வீடு வீடு மாதிரி இருக்கு."

நான் ஓம் என்றேன். அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒன்றரை வருடத்தில் அவள் ராகுலனின் அறைக்குள் போவதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் தினமும் போய்க் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். அறைக்குள் இப்போது அரிசி மூட்டையும் கோகுலனின் விளையாட்டுப் பையும் இருந்தன. பாவம், அவளும் ஒரு பெண்தானே, எவ்வளவு காலத்துக்கு அழுவாள்.

போன வருடம் ஆடி அமாவாசை பிந்தி வந்தது. பயிற்சி முகாமின் நடுவில் விழுந்தது. உங்கள் வீட்டில் தெரிந்திருக்கும், தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் பிடிக்கிற விரதம். தங்கேஸ்வரியின் ஊரில் அன்று மாமாங்கக் கோவில் தீர்த்தத் திருவிழா. அவளுக்கு அது சும்மா நாள் இல்லை. காலையில் நான் ஏற்றப் போனபோது காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணன், இண்டைக்கு இவன்ட அப்பாட விரதம். பச்சத்தண்ணியும் வாயில வைக்கமாட்டான். பின்னேரம் நேரத்தோட கொண்டுவந்து விட்டுடுங்க, படையல் வெச்சிருப்பன்."

"நானும் விரதம்தான் தங்கச்சி. நான் கொண்டுவாறன்" என்றேன்.

எனக்கும் தகப்பன் இல்லை. தகப்பனுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி இருக்கிறது. மகனுக்குப் பிடிக்க எங்கள் சமயத்தில் ஒரு நாளும் இல்லை. யாரும் அப்படி ஒன்று தேவைப்படும் என்று நினைக்கவில்லைப் போலும்.

அன்று வெயில் பொசுக்கியது. வானொலியில் வயதானவர்களை வெளியே போக வேண்டாம் என்றார்கள். அணிக்கு இரண்டு பயிற்சிகள். இரண்டாவதின்போது நான் மேலே கண்ணாடி மண்டபத்தில் இருந்தேன். நன்கொடைக்காரரின் விருந்துக்கு மேசைகள் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். கோகுலன் மற்றவர்களிலிருந்து பிரிந்து நடப்பது தெரிந்தது. கால் பின்னியது. மற்றவர்கள் போத்தலைத் தூக்கிக் குடிக்கிறார்கள். இவன் வாயைக் கொப்பளித்துத் துப்புகிறான், ஒரு சொட்டும் விழுங்கவில்லை. பிறகு மற்றப் பக்கம் பார்த்து ஓடத் தொடங்கினான், யாரும் ஓடச் சொல்லாமலே. அது அறிகுறி. மூளை கலங்கும்போது அப்படி நடக்கும். ராகுலனும் அப்படித்தான் ஓடினானாம்.

அவன் விழுந்தான். கோச்மார் கூடினார்கள். ஒருவன் போனில் கத்தினான். தெரபிஸ்ட் அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இருந்தாள், அதாவது நகரத்தின் மறுபக்கத்தில், கூடைப்பந்துக்காரரோடு. தொட்டி எங்கே, தொட்டி எங்கே என்று யாரோ கேட்டது கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் கீழே போகவில்லை. அந்த மண்டபத்திலேயே ஐஸ் இருந்தது, விருந்துக்கென்று பெட்டி பெட்டியாக. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் கோகுலன் தவறுதலாக அகப்பட்டுக்கொண்டான் என்று நீங்கள் எழுதலாம். பொறி வைத்தவனுக்கு எந்த எலி என்று தெரியாது. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாரனைப் பிடிக்க வைத்தது, பாவம், கோகுலன் வந்து விழுந்தான். இந்த நினைப்போடு ஒரு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பிறகு ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். போன கிழமை நடந்த விழாவைப் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழகம் ஃபுட்போல் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வீரர்களுக்குப் புதிய மருத்துவக் கூடம் திறந்தது. கோகுலனின் பெயர் வைத்தார்கள். தங்கேஸ்வரியை வெள்ளைச் சேலையோடு முன்வரிசையில் இருத்தி, ரிப்பன் வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் வாரன். காசைக் கட்டடங்களில் கொட்டிய காலத்தை மாற்றிய மனிதர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். இப்போது அவர் துணைத்தலைவர். அவர் மேடையில் என் பெயரையும் சொன்னார். தன் மகனை இழந்தும் எங்களோடு நின்ற என் நண்பன் என்றார். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை செத்து அவன் தப்பினான், இரண்டாவது பிள்ளை செத்து அவன் உயர்ந்தான். இன்னொன்று செத்தால் சிலை வைப்பார்கள்.

ஆகவே வந்தேன். ஒவ்வொரு பரிந்துரையிலும் அவரின் கையெழுத்து இருக்கிறது. நான் உள்ளே போவதென்றால் அவரும் வரட்டும். அவர் தெரியாமல் கையெழுத்துப் போட்டார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். தெரியாமல் போடுவதற்குத்தான் அவருக்கு அவ்வளவு சம்பளமா? சரி, அது சட்டத்தின் கேள்வி. சட்டத்தில் அவரைத் தொட முடியாது என்றால் பத்திரிகையாவது தொடட்டும்.

என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கணக்குச் சரிவராது.

அன்று காலையில் காரில் போகும்போது கோகுலன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், வாட்டர் மட்டும் குடிச்சா ஓகேதானே? அம்மாக்கு சொல்லமாட்டன். இட்ஸ் சோ ஹொட் டுடே."

ஓம் குடி என்று ஒரு சொல் போதும். எந்தக் குருக்களைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு யோசித்தேன்.

"அப்பாவுக்குப் பிடிக்கிற விரதம் தம்பி. அரைகுறையாப் பிடிச்சா அவருக்குப் போய்ச் சேராது" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு, "அப்பா ஹங்கிரியா இருப்பாரா அங்கிள்?" என்று கேட்டான். பின்னேரம் நீ படைக்கிறதை அவர் வயிறாறச் சாப்பிடுவார் என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. நான் அலுவலகத்துக்குப் போய், மேசையில் இருந்து, ஒரு கோப்பி ஊற்றிக் குடித்தேன்.

இதை மறைக்க வேண்டும் என்று இல்லை. இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் கடைசியாகச் சொல்கிறேன். வாரனின் கணக்கில் இது வராது.

நீங்கள் ஃபைலைப் புரட்டுகிறீர்கள். தியோ கிளெக் எப்போது அணியை விட்டுப் போனான் என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை நீங்கள். போன வருடம் தை மாதம். ஃபுட்போல் அலுத்துவிட்டது என்று, வன்கூவருக்குப் போய்ப் படம் எடுக்கப் படிக்கிறான். ஓம், எனக்குத் தெரியும். பிரியாவிடைக்குக் கேக் வாங்கியதே நான்தான். தொட்டியின் அறையை இடித்தது சித்திரையில், அவன் போய் மூன்று மாதத்துக்குப் பிறகு. ஓம், அதுவும் சரி. தொடங்கின வேலையை இடையில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னால் எழுதிக்கொள்வீர்களா? அவன் மனம் மாறித் திரும்பி வரக்கூடும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது.

கோகுலனின் செத்தவீடு முடிந்து வந்த பின்னேரம் நிரூபா கால் கழுவிவிட்டு நேரே ராகுலனின் அறைக்குள் போனாள். அரிசி மூட்டையை அவளே இழுத்து வெளியே வைத்தாள். பையையும் வைத்தாள். கட்டிலில் இருந்து, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று நெஞ்சில் அடித்து அழுதாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். ராகுலன் போன பிறகு முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து அழுதோம். எந்தப் பிள்ளைக்கு அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அன்றுதான் எனக்கு வீடு வீடு மாதிரி இருந்தது.

கோகுலனில் உங்களுக்கு என்ன கோபம் அங்கிள் என்று கேட்கிறீர்கள். கோபமா? ஒரு கோபமும் இல்லை, பிள்ளை. அவன் உயிரோடு இருந்தான். அவ்வளவுதான்.